மலைக்கு 100 மீட்டர், தெருவுக்கு எத்தனை?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு கட்டப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "மலையிலிருந்து எவ்வளவு தூரம் வரும்?" பட்ஜெட், வாஸ்து, கொத்தனார் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மலை என்றால் சையத் பாஷா மலை. அதன் மேல் இருக்கும் கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அதனால் மலையடிவாரத்தில் வசிக்கிற எல்லோருக்கும் மீட்டர் கணக்கு ஓரளவு தெரியும். தெரிந்ததில் பாதி தப்பு என்பது வேறு விஷயம்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் பேட்டைகளில் வளர்ந்தவர்களுக்குப் பார்த்த வீடு போலவே இருக்கும். தெருவைப் பார்த்து 22 அடி அகலம், பின்னால் 130 அடி நீளம். முன்னால் திண்ணை, இரண்டு கருங்கல் தூண், உள்ளே நடை, முற்றம், கூடம், அடுப்படி. முன்கட்டுக்கு நாட்டு ஓடு, கூடத்துக்கு மேல் மர உத்திரம் போட்ட சுண்ணாம்பு மெத்தை. அடுப்படிக்குப் பின்னால் புழக்கடை, கிணறு, ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டகையாக இருந்த இடம், கடைசியில் ஒரு சந்து. அண்ணன் தம்பி இருவர். அண்ணன் முன்கட்டில் இருக்கிறார். தம்பி ஓசூரில் கம்பெனி வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்புகிறார். புழக்கடையில் ஒரு வீடு கட்டிக் கீழே தான் இருந்துகொண்டு, மாடியை வாடகைக்கு விடலாம் என்பது அவர் கணக்கு.

இதில் எந்தத் தப்பும் இல்லை. வீடு வேண்டும், இடம் இருக்கிறது. அப்படிக் கட்ட நினைப்பவரைப் பாரம்பரியத்தின் எதிரி போலப் பேசும் பேச்சு எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூரு அடுக்குமாடியில் இருந்துகொண்டு பேசுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1958-ஆம் ஆண்டின் பழமையான நினைவுச்சின்னங்கள் சட்டம்தான் அடிப்படை. 1992 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு மேல் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வரையறுத்தது. அப்போதும் ஒரு நிபுணர் குழு வழியாகத் தடைப் பகுதிக்குள் சிலருக்கு அனுமதி கிடைத்துவந்தது. அந்தக் குழுவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே 2010-இல் சட்டத்தையே திருத்தினார்கள். மீட்டர் கணக்கு அறிவிக்கையிலிருந்து சட்டத்துக்குள் ஏறியது. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்கு யாரும் அனுமதி தர முடியாது, அரசுப் பணிக்குக்கூடக் கிடையாது என்று ஆனது. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேட்டைக்காரர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 100 மீட்டரைக் கோட்டைச் சுவரிலிருந்து அளப்பதாக நினைக்கிறார்கள். கோட்டை மலை உச்சியில் இருக்கிறது, நம் வீடு கீழே இருக்கிறது, எப்படியும் தூரம்தானே என்று தைரியம். சட்டம் அளக்கச் சொல்வது பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து. அந்த எல்லை எது என்பது அறிவிக்கையிலும் சர்வே எண்ணிலும் இருக்கிறது. மலையின் சரிவும் அந்த எல்லைக்குள் அடங்கினால் 100 மீட்டர் தொடங்குவதே அடிவாரத்தில்தான். ஆகவே கூகுள் மேப்பில் விரலால் அளப்பது, "எங்க மாமா அப்பவே கட்டினாரே" என்று நம்புவது எல்லாம் உதவாது. எஃப்.எம்.பி. ஸ்கெட்சை, அதாவது நிலத்தின் சர்வே வரைபடத்தை எடுத்துக்கொண்டு முறையாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கற்பனை வீடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து தம்பியின் தலையெழுத்து மூன்று விதமாக மாறும்.

100 மீட்டருக்குள் விழுந்தால், புழக்கடையில் புது வீடு என்ற பேச்சே இல்லை. அண்ணனின் முன்கட்டு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததால், அதைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும். கழிவுநீர்க் கால்வாய், குடிநீர்க் குழாய், மின் இணைப்பு போன்றவற்றைச் சட்டம் கட்டுமானம் என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை. ஆனால் மலையடிவாரக் குடும்பங்களுக்கு இந்த நுணுக்கம் தெரியாது. ஓடு மாற்றவே பயந்து, ஒழுகும் வீட்டில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழைய வீட்டைக் காக்க வந்த சட்டம், பயத்தின் வழியாகப் பழைய வீட்டை மழையில் கரைய விடுகிறது.

அடுத்த 200 மீட்டரில் விழுந்தால் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். தகுதி வாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பம் போகும். அவர் 15 நாளுக்குள் டெல்லியில் உள்ள தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்துக்குள் பரிந்துரை சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தர வேண்டும். ஏட்டுக் கணக்கில் மூன்றரை மாதம். ஒவ்வொரு சின்னத்துக்கும் சுற்றுப்புறம் எப்படி இருக்கலாம், எவ்வளவு உயரம், என்ன வகைக் கட்டடம் என்று தனி உபவிதிகள் எழுத வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. நாடு முழுக்க மத்திய பாதுகாப்பில் சுமார் 3,700 சின்னங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உபவிதி வந்துவிடவில்லை.

300 மீட்டரைத் தாண்டிவிட்டால்? அங்கேதான் கதை தலைகீழாகிறது. தொல்லியல் சட்டத்தின் கண் அங்கே மூடிக்கொள்கிறது. அதே வயசு வீடு, அதே கல்தூண், அதே திண்ணை. ஆனால் இடித்துத் தரைமட்டமாக்கினாலும் கேட்க ஆளில்லை. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட குடியிருப்பை உரிமையாளரே சான்றளித்து இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். நம் வீட்டு மனை 22-க்கு 130, மொத்தம் 2,860 சதுர அடி, வரம்புக்கு மேல். புழக்கடை 60 அடியைத் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தால் அவருக்கு 1,320, அண்ணனுக்கு 1,540. மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் இருவரும் வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு இது நல்ல திட்டம். அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தை நினைத்தால் கும்பிடலாம். ஆனாலும் அந்தப் படிவத்தில் மனையின் நீளம், அகலம், சாலையின் அகலம் எல்லாம் கேட்கிறார்கள், அங்கே ஏற்கெனவே நிற்கும் வீடு எத்தனை தலைமுறை பழையது என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, வட்டத்துக்குள் இருப்பவருக்கு எதுவும் முடியாது, வெளியே இருப்பவருக்கு எல்லாம் முடியும். இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்கலாம். எனக்கு இதில் உறுத்துவது கண்டிப்பும் இல்லை, தளர்வும் இல்லை. இரண்டு இடத்திலும் யாரும் வீட்டைப் பார்க்கவில்லை, டேப்பை மட்டும் பார்க்கிறார்கள் என்பதுதான்.

அளவை என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தர்மபுரி உள்ளிட்ட இந்தப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் தலைமையில் வந்த ராணுவ அதிகாரிகள் வாளை வைத்துவிட்டு நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தர்மபுரியில் இருந்து வேலை பார்த்தார். வயல் வயலாக அளந்து, விவசாயி பெயரிலேயே வரி கட்ட வைக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. இன்று அண்ணனும் தம்பியும் கையில் வைத்திருக்கும் பட்டா, சர்வே எண் என்ற சங்கதிகளுக்கெல்லாம் பாராமகால்தான் ஒரு பிறந்தகம். அந்தச் சங்கிலி நிலத்தை அளந்தது, அதன் மேல் நின்ற தெருவை எண்ணவில்லை. அது வரிக்கான அளவை. தெருவுக்கு வரி கிடையாது.

பேட்டை என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கோட்டைக்குக் கீழே வணிகர், நெசவாளர், கைவினைஞர் குடியிருந்த ஊர்தான் பேட்டை. கோட்டையின் வயிறு அது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை பேட்டை வரை புகுந்துவிட்டும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மேலே இருப்பவர்கள் தப்பினார்கள், அடியை வாங்கியது அடிவாரம். இன்றைய சட்டமும் மேல்கோட்டையைத்தான் காக்கிறது. பேட்டை அதற்குச் சுற்றுப்புறம் மட்டும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினையை வேறு மாதிரி அணுகினார்கள். சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் ஒரு வீட்டை, ஒரு மாளிகையை என்றில்லாமல் ஒரு பேட்டையையே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அந்த நாட்டில் அதுதான் முதல். பிறகு நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைப் பின்பற்றின. அப்படிப்பட்ட பகுதியில் பழைய வீட்டின் மனையில் புது வீடு கட்ட நினைப்பவர், உள்ளூர் மறுஆய்வுக் குழு முன் வரைபடத்தோடு போய் நிற்க வேண்டும். தூரம் அங்கே கேள்வியே இல்லை. கூரை எவ்வளவு உயரம், தெருவிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், ஜன்னல் எப்படி, பழைய வீட்டை நெருக்குகிறதா என்று கேட்பார்கள். அந்நாட்டு உள்துறையின் மறுசீரமைப்பு நெறிகளில் ஒன்று, புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், ஆனால் அளவிலும் அமைப்பிலும் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. இன்னொன்று, நாளைக்கு அதை அகற்றினாலும் பழையதின் வடிவம் குலையாதபடி கட்டச் சொல்கிறது. பழையது போலப் போலித்தூண் வைத்து ஏமாற்றாதே என்பதும் இதற்குள் அடக்கம். நம் ஊரில் சிமென்டில் "செட்டிநாட்டுத் தூண்" வார்த்து ஒட்டுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய சங்கதி.

உரிமையாளரின் சொத்துரிமை என்னாவது என்ற கேள்வி அங்கேயும் வந்தது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட விடவில்லை என்று தொடுத்த வழக்கில், 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. நிலையம் எப்போதும்போல வருமானம் தரும்போது, கோபுரத்துக்கு மறுப்பு என்பது சொத்தைப் பறித்ததாகாது என்றது தீர்ப்பு.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு வாடகை விண்ணைத் தொடும் ஊர்களில், பாதுகாப்புப் பகுதி என்ற பெயரைச் சொல்லி வசதியானவர்கள் புதியவர்களை உள்ளே விடாமல் தடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பலமாக இருக்கிறது. கலிஃபோர்னியா 2022 தொடக்கத்திலிருந்து ஒற்றை வீட்டு மனைகளை இரண்டாகப் பிரித்துக் கூடுதல் வீடு கட்ட ஒரு சட்டத்தால் வழிவிட்டது. வரலாற்றுப் பகுதிகளில் உள்ள மனைகளுக்கு அது பொருந்தாது. பாதுகாப்புக்குக் கொடுத்த அந்த விலக்கே பிறகு விவாதப் பொருளானது. நம் தம்பி அங்கே பிறந்திருந்தால், அண்ணனே குழு முன் போய் எதிர்ப்புத் தெரிவித்திருக்கவும் கூடும்.

நம் நாட்டில் தெருவைப் பார்க்கும் விதிகள் இல்லாமல் இல்லை. மும்பையில் 1995-இலேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கும் பகுதிகளுக்கும் விதிமுறை வந்தது. கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறு இடத்தில் பயன்படுத்தும் உரிமையாக மாற்றி விற்கவும் வழி செய்தார்கள். மும்பையில் அதை வாங்க ஆள் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் யார் வாங்குவார்கள்? சென்னைக்குப் பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கக் குழு இருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் என்று தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர 2024 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் பேட்டையில் எத்தனை முற்றங்கள் கான்கிரீட்டால் மூடப்பட்டன என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அரண்மனை கிடையாது. 1878-இல் ஒரு கிராம முன்சீப்பின் மகன் பிறந்த சாதாரண ஓட்டு வீடு. இன்று அரசு நினைவில்லம். அந்த வீடு பிழைத்ததற்குக் காரணம் சுவரோ கூரையோ இல்லை, அங்கே பிறந்த ஒரு ஆள். யாரும் பிறக்காத, அதாவது பெயர் தெரிந்த யாரும் பிறக்காத ஓட்டு வீடுகளுக்கு அந்த வழி கிடையாது.

சரி, சட்டம் கேட்காத கேள்வியை நாமே கேட்டால், தம்பி அந்தப் புழக்கடையில் எப்படிக் கட்டலாம்? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. முன்கட்டு இடிபடுவதற்குப் பல வீடுகளில் காரணம் அதன் வயது இல்லை. பின்னால் கட்டும் வீட்டுக்கு ஜல்லியும் செங்கல்லும் கம்பியும் உள்ளே போக வழியில்லை. 22 அடி மனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. போக வேண்டுமென்றால் வாசல், நடை, முற்றம் என்று வீட்டுக்குள்ளேயே போக வேண்டும். "எதுக்கு சார் இந்தத் தலைவலி, முன்னாடி இதைத் தட்டிட்டா மொத்தமா கட்டிடலாம்" என்று மேஸ்திரி சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் பல தெருக்களைத் தின்றது. பின் சந்து இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். குட்டியானை வண்டி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் முன்கட்டு பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சந்தில் பக்கத்து வீட்டார் படிக்கட்டு போட்டு வழியை அடைத்திருந்தால், முதலில் தீர்க்க வேண்டிய தகராறு அதுதான்.

அடுத்தது உயரம். தெருவில் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் முன்கட்டின் ஓட்டு முகட்டுக்கு மேல் பின் வீடு தலை நீட்டக் கூடாது. 60 அடி பின்னால் ஒரு மாடி கட்டினால் பெரும்பாலும் தெரியாது. மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் படிக்கட்டு அறை என்று போகும்போதுதான் முன் வீடு பொம்மை போல ஆகிறது. தொட்டியைச் சந்துப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். இதற்குக் கட்டடக் கலைஞர்கூடத் தேவையில்லை, ஒரு குச்சியை நட்டுத் துணி கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். பழைய சுவர் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அஸ்திவாரம் ஆழம் கிடையாது. புது வீட்டு மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் போட்டு முன்கட்டுச் சுவர் ஓரமாக விட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஓதம் ஏறும். ஓதம் ஏறியதும் உறவினர் யாராவது சிமென்ட் பூசச் சொல்வார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் சுவர். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். அப்போது "வீடு ரொம்பப் பழசாயிடுச்சு" என்பார்கள். பழசானதால் விழவில்லை, பூச்சு மூச்சை அடைத்தது. தண்ணீரைக் கிணற்றுக்கு விடலாம். கிருஷ்ணகிரியின் கோடைக்கு அந்தக் கிணறு தூர்ந்துபோகாமல் இருந்தால் போர் போடும் செலவும் பழைய சுவர் அதிர்வதும் மிச்சம்.

புது அஸ்திவாரத்தைப் பழைய சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது. இடையில் இடைவெளி விட்டு, புதிய வீடு தன் காலிலேயே நிற்க வேண்டும். அந்த இடைவெளியே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி, இரண்டு குடும்பத்துக்கும் துணி காயப்போடும் இடம். முன்கட்டை இடித்துக் கட்டினால் வேறொரு விபரீதமும் உண்டு. புது வீடு முன்பக்கம் இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்பது பொது விதி. விசாலமான புறநகருக்கு அது நல்ல விதி. வரிசையாகத் திண்ணைகள் ஒரே கோட்டில் நிற்கும் தெருவில் ஒரு வீடு மட்டும் பின்வாங்கினால், பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். விதியை முழுசாகக் கடைப்பிடித்தே தெருவைக் கெடுக்கலாம்.

இதையெல்லாம் கட்டாயப்படுத்த இன்றைக்கு ஒரு அலுவலகமும் இல்லை. பாரம்பரிய ஆணையம் பேட்டை வரை வந்து சேரும் வரைக்கும், குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே காகிதம் பாகப் பத்திரம். நம்மூரில் அதை நீளம், அகலம், நான்கெல்லை என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதில் இன்னும் சில வரிகள் எழுத இடமிருக்கிறது. பின் சந்து இருவருக்கும் பொது வழிப் பாத்தியம், கிணறு பொது, பின் வீட்டு மழைநீர் முன்கட்டுச் சுவர்ப் பக்கம் வரக் கூடாது, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே இத்தனை அடி திறந்த வெளி. வழிப் பாத்தியம் மனையோடு போகும், நாளைக்கு வேறு யார் வாங்கினாலும் நிற்கும். முன்கட்டை இடிப்பதில்லை என்று அண்ணன் எழுதிக் கொடுக்கும் உறுதி அவர் பிள்ளைகள் காலத்திலும், விற்ற பிறகும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிற அன்றைக்குக் காலையில் கேட்காமல், ஒரு மாதம் முன்பே கேட்பது நல்லது. கையெழுத்துப் போடுவதற்கு முன் முன்கட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டால், நாளைக்கு எந்த விரிசல் எப்போது வந்தது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட வேண்டியிருக்காது.